மாடித் தோட்டத் தளை: வீட்டுக்குச் சரி, ஐம்பது பேர் சாப்பிடும் சமையலறைக்கு?

தமிழ்நாடு தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும், பை, நார்க்கட்டி, விதை எல்லாம் அடங்கிய தொகுப்பான மாடித் தோட்டத் தளையைப் பற்றி வீட்டுத் தோட்டக்காரர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். நான்கு பேர் உள்ள வீடு, வாரம் ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பு, நினைத்தபோது பறிக்க நாலு பச்சை மிளகாய் என்று பார்த்தால் அது நல்ல பொருள்தான். இங்கே பார்க்கப்போவது வேறு கணக்கு. முதியோர் காப்பகம், ஆதரவற்றோர் விடுதி, அன்னதானக் கூடம் மாதிரி இடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னார்வலர்கள் கூடிக் காய்கறித் தோட்டம் போடுகிறார்கள். அப்படி ஒரு குழு முதலில் தேடிப் போவது பெரும்பாலும் இந்தத் தளையைத்தான். "பத்துப் பேர், ஆளுக்கு இரண்டு தளை, மொத்தம் 120 பை, தோட்டம் ரெடி" என்று ஆரம்பிப்பார்கள்.

அந்தக் கணக்கு இடிக்கும். காரணம் கீழே இருக்கிறது. அவசரக்காரர்களுக்கு முடிவை இங்கேயே சொல்லிவிடலாம்: ஒரு குழுவுக்கு இரண்டு தளை போதும். மூன்றாவது தளைக்கு வைத்திருக்கும் காசில் மக்கிய எரு வாங்குங்கள்.

தளைக்குள் இருப்பவை

2013-14இல் சென்னை, கோவை என்று இரண்டு நகரங்களில் தொடங்கிய திட்டம் இது. இப்போதைய வடிவத்தில் ஒரு தளைக்குள் 6 செடி வளர்ப்புப் பைகள், 2 கிலோ தென்னை நார்க்கழிவுக் கட்டிகள் ஆறு, ஆறு வகைக் காய்கறி விதைப் பொட்டலங்கள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நுண்ணுயிர்ப் பொடிகள் மூன்றும் தலா 200 கிராம், 100 மில்லி வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு ஆகியவை இருக்கும். முழு விலை 900 ரூபாய். 2021-22இல் 225 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து பாதி மானியம் போக 450 ரூபாய். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு தளை.

பொருட்களைத் தனித்தனியாக எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே தெரியும்: ஒன்றின் அளவுக்கும் மற்றொன்றின் அளவுக்கும் பொருத்தமில்லை. நுண்ணுயிர்ப் பொட்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அசோஸ்பைரில்லத்துக்கு வயலில் சொல்லும் பரிந்துரை எக்டருக்கு 2 கிலோ. அப்படியானால் 200 கிராம் என்பது கால் ஏக்கருக்கான அளவு. அதை ஆறு பைகளுக்குள் கொட்டுவதற்கு அவசியமே இல்லை. விதையும் அப்படித்தான். ஒரு கிராம் கத்தரி விதையில் 200 விதைக்குக் குறையாது. முளைப்பில் பாதி போனாலும் ஒரு பொட்டலத்தில் ஒரு தெருவுக்கே நாற்று விடலாம். நார்க்கட்டியும் உபரிதான். 2 கிலோ கட்டி ஊறினால் 25 முதல் 30 லிட்டர் வரை வரும். ஒரு அடி விட்டம், ஒரு அடி உயரப் பை கொள்வது 20 லிட்டர் சொச்சம். அதிலும் பாதி எரு போடப்போகிறோம் என்றால் ஒரு கட்டி இரண்டு பைக்கு மேலேயே வரும்.

பைதான் குறைவு. எருவோ இல்லவே இல்லை.

ஆக இரண்டு தளை வாங்கினால் 12 பை கிடைக்கும். நார் 25 பைக்குக் காணும். நுண்ணுயிரும் விதையும் முழுத் தோட்டத்துக்கும் தாங்கும். மீதி 13 பையை வெளியே வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது வெயில் தாங்கும் எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக் இழை) நெய்த பையாகப் பாருங்கள். மெல்லிய பாலித்தீன் பை இரண்டு கோடையில் மடிப்புகளில் விரிசல் விட்டுவிடும், தூக்கும்போது அடி கழன்று வரும்.

நார்க்கட்டியை நம்பி ஏமாறும் இடம்

தன்னார்வத் தோட்டங்களில் மூன்றாம் வாரமே செடி வெளிறிப்போவதற்கு முக்கியக் காரணம், கட்டியை ஊறவைத்துப் பையில் நிரப்பி அப்படியே நாற்றை நட்டுவிடுவதுதான். தென்னை நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைக்கும், காற்றோட்டம் தரும். ஆனால் அதில் செடிக்கு உணவு என்று சொல்ல ஏதுமில்லை. மக்காத நாரில் கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அதை மக்க வைக்க முயலும் நுண்ணுயிர்கள், போட்ட கொஞ்சநஞ்சத் தழைச்சத்தையும் தாங்களே எடுத்துக்கொள்ளும். அடியிலைகள் முதலில் மஞ்சளாகும், செடி ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிடும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு டன் நாருக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் போட்டு மக்க வைத்தால் அந்த விகிதம் 24க்கு 1 வரை இறங்கும். காப்பக மாடியில் அதெல்லாம் ஆகிற காரியமில்லை. மக்கிய எரு கலப்பதுதான் நடைமுறையில் செய்யக்கூடியது.

இன்னொரு சங்கதி உப்பு. நார் எங்கே ஊறவைக்கப்பட்டது என்பதைப் பொறுத்துக் கட்டிக்குக் கட்டி உப்பின் அளவு மாறும். எந்தக் கடைக் கட்டியானாலும் கழுவாமல் பயன்படுத்தக் கூடாது. ஒரு கட்டியைப் பெரிய வாளியில் போட்டு 10 முதல் 12 லிட்டர் தண்ணீர் விட்டு இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் பழைய வேட்டித் துணியிலோ வெங்காயச் சாக்கிலோ கட்டித் தொங்கவிட்டு, காப்பி நிறத் தண்ணீர் வடிந்தபின் மறுபடி முக்கி எடுங்கள். மூன்றாவது கழுவலில் தண்ணீர் வெளிர் தேநீர் நிறத்துக்கு வந்தால் போதும். கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். கடலோரப் பகுதியில் உப்பு ஆழ்குழாய்த் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால், கடைசிக் கழுவலுக்காவது நல்ல தண்ணீர் வேண்டும். பிறகும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பையின் அடியில் ஒழுகும் அளவுக்கு நிறையத் தண்ணீர் விட்டு உப்பை வெளியேற்ற வேண்டும். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவு நீர் இருக்கிறதே என்று அதைத் திருப்பிவிடுவது நல்ல எண்ணம்தான், ஆனால் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பு, இரட்டிப்பான தண்ணீர் அது. நாரில் தங்கித் தங்கி இலை ஓரம் கருகும்.

கலவைக்கு, கழுவிய நார் ஒரு பங்கு, மண்புழு உரமோ நன்கு மக்கிய சாண எருவோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. இடமும் பளுவும் இடம் கொடுத்தால் கால் பங்கு செம்மண் சேர்க்கலாம். 25 பைக்கு 100 கிலோ எருவுக்குக் குறையாமல் ஆகும், கீரைப் பாத்திக்குத் தனி. இந்தச் செலவைக் கணக்கில் வைக்காத குழுதான் பாதியில் வசூலுக்கு இறங்கும்.

நுண்ணுயிர்ப் பொட்டலங்களைப் பை பையாகத் தூவாமல் எருவில் ஏற்றிவிடுவது நல்லது. நிழலில் எருவைக் குவித்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் சொட்டக் கூடாது என்ற பதத்துக்குத் தண்ணீர் தெளியுங்கள். மூன்று பொடியையும் தூவிக் கிளறி, ஈரச் சாக்கால் மூடி, மூன்றாம் நாள் ஒருமுறை புரட்டி, ஏழாம் நாள் எடுத்தால் எரு முழுக்க வெள்ளைப் பூசணம் லேசாக ஓடியிருக்கும். பொட்டலத்தின் காலாவதித் தேதியை வாங்கிய அன்றே பாருங்கள், மொட்டைமாடி அறையில் வெயில் படும் அலமாரியில் வைக்காதீர்கள். அது உயிருள்ள சரக்கு. யூரியாவையோ பூசணக்கொல்லி மருந்தையோ இதோடு கலந்துவிட்டால் வாங்கியது வீண்.

பையில் எது, பாத்தியில் எது

இங்கேதான் வீட்டுத் தோட்டத்துக்கும் பொதுத் தோட்டத்துக்கும் வழி பிரிகிறது. வீட்டில் கொஞ்சம் விளைந்தால் கொஞ்சம் சமைப்போம். காப்பகச் சமையலறையில் பாதிக் குண்டான் என்ற ஒன்று கிடையாது. ஒரு வேளைக்குத் தேவையான காய் அதே நாளில் மொத்தமாக வர வேண்டும். வராவிட்டால் சமையல்காரர் சந்தைக்குத்தான் ஆள் அனுப்புவார், தோட்டத்துக் காய் சாம்பாரில் அலங்காரமாக மிதக்கும்.

வெண்டையை எடுங்கள். தளையில் பெரும்பாலும் இருக்கும் விதை, முளைப்பும் நன்றாக இருக்கும், பூவும் அழகு. காய்க்கத் தொடங்கிய செடி இரண்டு நாளுக்கு ஒரு காய் தரும். நார் ஓடாத பருவத்தில் ஒரு காய் 15 கிராம். ஐம்பது பேருக்குப் பொரியல் என்றால் 3 கிலோ, அதாவது 200 காய், அதாவது ஒரே பருவத்தில் நிற்கும் 200 செடி. இருபது செடியை வைத்துக்கொண்டு இருபது நாள் சேர்க்கலாமே என்றால், வெண்டை காத்திருக்காது. மூன்றாம் நாளே நுனியை ஒடித்தால் ஒடியாது. பொதுத் தோட்டத்தில் வெண்டைக்கு இடமில்லை என்பதே எங்கள் கருத்து. கொத்தவரையும் முதியோர் இருக்கும் இடத்துக்கு ஆகாது. பல்லில்லாதவர்களுக்கு அந்த நார் பெரும்பாடு.

கத்தரி நேர்மாறானது. 20 லிட்டர் பையில் ஒரு செடி, ஒழுங்காக எரு வைத்தால் மூன்று நான்கு மாதத்தில் 2 கிலோ தரும். 25 பையிலும் கத்தரி வைத்தால் வாரத்துக்கு நாலு கிலோ வரை பறிக்கலாம். ஒருநாள் கொத்சுக்கோ கூட்டுக்கோ சரியாக இருக்கும். பறித்த காய் மூன்று நாள் நிழலில் தாங்கும் என்பதால் இரண்டு பறிப்பைச் சேர்த்தும் கொடுக்கலாம். பை என்றால் கத்தரி என்று முடிவுகட்டிவிட்டு, இரண்டு மூன்று பையில் மட்டும் மிளகாய் வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளி பையில் வரும், ஆனால் நாரில் வரும் தக்காளிக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காயின் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல் அமுங்கிவிடும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பார்கள். அது சுண்ணாம்புச் சத்துப் பற்றாக்குறை. நார் சுண்ணாம்புச் சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். ஒருநாள் காயப்போட்டு மறுநாள் குளிப்பாட்டுகிற நீர்ப்பாய்ச்சல் அதை மோசமாக்கும். வார இறுதியில் மட்டும் ஆள் வரும் தோட்டத்தில் இது கட்டாயம் வரும்.

கீரைக்கு வருவோம். ஐம்பது பேருக்கு ஒருவேளைக் கீரைக்கு ஆய்ந்த கீரை 5 கிலோ. சிறுகீரையோ முளைக்கீரையோ வேரோடு பிடுங்கினால் சதுர மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ வரும், ஆய்ந்தால் ஒரு கிலோ தேறும். ஒரு தளையின் ஆறு பை வாயையும் சேர்த்தால் 0.42 சதுர மீட்டர். ஆறிலும் கீரை விதைத்தால் 25 நாளில் 400 கிராம். நாலு பேருக்குப் பொரியல்! தளை யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதை இந்த ஒரு கணக்கே சொல்லிவிடும். அந்த 120 பைக் கனவையும் இதில் போட்டுப் பாருங்கள்: 9,000 ரூபாய், 1,800 கிலோ பளு, 25 நாளைக்கு எட்டரைக் கிலோவுக்கும் குறைவான கீரை. ஐம்பது பேருக்கு இரண்டு வேளை முழுதாக வராது.

இதே கீரைக்குத் தரை கிடைத்தால் கதையே வேறு. வாரம் ஒரு கீரை நாள் என்றால் வாரத்துக்கு 5 சதுர மீட்டர். நாலு வாரச் சுழற்சிக்கு 20 சதுர மீட்டர். அது அரை சென்ட். காப்பகத்தின் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்திலேயே அரை சென்ட் இருக்கும். நாலு பாத்தியாகப் பிரித்து, ஞாயிற்றுக்கு ஒரு பாத்தி விதைத்து, ஒரு பாத்தி பிடுங்கி, பிடுங்கிய இடத்தில் கூடை எருவைக் கொத்திவிட்டால் சுழற்சி நிற்காது. விதை சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிராம், நாலு பங்கு மணலோடு கலந்து தூவ வேண்டும். மணல் கலக்காமல் தூவினால் கைக்குக் கை ஓரிடத்தில் மண்டும், இன்னோரிடம் மொட்டையாக இருக்கும். தூவியபின் பாத்தி ஓரமாக ஒரு பிடி நொய்யைப் போட்டுவைத்தால் எறும்பு அங்கே போகும், விதை பிழைக்கும். தளையில் வரும் கீரை விதை இதற்குப் பற்றாது. கீரை விதையை மட்டும் கிராம் கணக்கில் தனியாக வாங்குங்கள்.

தரையே இல்லை, மாடிதான் என்றால் 6 அடிக்கு 3 அடி எச்டிபிஇ பாத்திப் பைகள் 12 வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பைகள் ஒரு அடி உயரத்தில் வரும். விளிம்பு வரை நிரப்பினால் 510 லிட்டர், ஈரத்தோடு 350 கிலோ, சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தாண்டும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடச் சுமை விதிப்படி எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோதான். ஏறிப் பழகாத மாடிக்கு அதில் பாதி. கீரை வேருக்கு அரையடி ஆழம் தாராளம். பாதி உயரம் மட்டும் நிரப்பி, விளிம்பை மடித்து விடுங்கள், பளு 110 கிலோவுக்குள் நின்றுவிடும். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் உத்தரம் ஓடும் வரிசையிலும் சுவரோரமாகவும் வைக்க வேண்டும். பழைய கட்டடம் என்றால் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொன்னபிறகே ஏற்றுங்கள். எல்லாப் பையும் செங்கல் மேல் நிற்கட்டும். தரையோடு ஒட்டிக் கிடந்தால் அடியில் ஈரம் தங்கித் தளம் ஒழுகும். கீழே குடியிருப்பவர்கள் தோட்டத்துக்கே முடிவு கட்டிவிடுவார்கள்.

குண்டானை நிரப்புவதில் கீரைக்கு அடுத்து சுரையும் பூசணியும். 2 கிலோச் சுரைக்காய் மூன்று இருந்தால் ஐம்பது பேருக்குக் கூட்டு முடிந்தது. ஆயவும் வேண்டாம், பல்லும் வேண்டாம். தளைப் பையில் சுரை வைக்கும் வீண்முயற்சி வேண்டாம், வேருக்கு இடம் போதாமல் பிஞ்சிலேயே வெம்பி உதிரும். தரையில் ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை எரு, குழிக்கு இரண்டு செடி, மேலே பந்தல். தரை இல்லையா, 100 லிட்டர் பீப்பாயைப் பாதியாக அறுக்காமல் முழுதாகவே பயன்படுத்துங்கள். ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவின் மேல் தொட்டுவிட ஒருவர் பழகிக்கொண்டால் காய்ப்பிடிப்பு கூடும். சுரை மாலையில் மலரும், பூசணி அதிகாலையில் மலரும், நேரம் பார்த்துச் செய்ய வேண்டும்.

வேலியோரம் இரண்டு முருங்கை, இரண்டு கறிவேப்பிலை. இந்த நாலு மரம் தரும் பயனை எந்தத் தளையும் தராது. பெரியகுளத்தில் உருவான பிகேஎம் 1 செடிமுருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கும், ஆண்டுக்கு 200 காய்க்கு மேல் தரும். ஐம்பது பேர் சாம்பாருக்கு 25 காய் போதும். காய்ப்பு ஓய்ந்ததும் இடுப்பளவில் வெட்டிவிட்டால் மறுபடி தழைக்கும். இதே துறை ஊட்டச்சத்துத் தளை என்று ஒன்றும் கொடுத்திருக்கிறது, முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, எலுமிச்சைக் கன்றுகளோடு. மாடித் தளைக்கு வரிசையில் நிற்பவர்கள் அதைக் கேட்பதில்லை. பொதுத் தோட்டத்துக்குப் பொருத்தம் அதுதான். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் ஆறு வகைக் காய்கறி விதைத் தொகுப்பையும், பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளையும் முழு மானியத்தில் தந்தார்கள். விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

100 மில்லி வேப்பெண்ணெய் எத்தனை நாள்

குப்பியில் அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியைத் தடுக்கும் சத்து) எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று பாருங்கள். 1500 பிபிஎம் என்றால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. 100 மில்லியில் 20 லிட்டர் கரைசல். ஆறு பைக்கு ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் போதும், வீட்டுக்காரருக்கு ஒரு பருவம் முழுக்க வரும். 25 கத்தரிக்கும் கீரைப் பாத்தி ஓரங்களுக்கும் ஒரு தடவைக்கு 5 லிட்டர் ஆகும், நாலே தடவையில் ஒரு குப்பி காலி. இரண்டு தளையின் இரண்டு குப்பியும் சேர்ந்தால் பத்து நாள் இடைவெளியில் எண்பது நாள் ஓடும். எண்ணெய் தண்ணீரோடு சேரவில்லை என்றால் சில சொட்டு காதி சோப்புக் கரைசல் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். வெயில் தாழ்ந்தபிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். உச்சிவெயிலில் அடித்தால் இலை பொசுங்கும், அசாடிராக்டினும் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். பிடுங்க ஐந்து நாளே இருக்கும் கீரை மேல் படவேண்டாம், கசப்பு ஒட்டிக்கொள்ளும்.

கத்தரியில் தண்டுத்துளைப்பான் வந்தால் வேப்பெண்ணெய் மட்டும் காப்பாற்றாது. நுனிக்குருத்து மட்டும் வாடித் தலை தொங்கும்; மற்ற செடியெல்லாம் பசுமையாக இருக்கும். அதைக் கண்டதும் வாடிய இடத்துக்கு இரண்டு விரல் கீழே கிள்ளிப் பிளந்து பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். கிள்ளியதைக் குப்பைக்குழியில் போடாமல் கட்டி வெயிலில் காயப்போடுங்கள் அல்லது எரித்துவிடுங்கள். துளை விழுந்த காயையும் செடியில் விடக்கூடாது. ஞாயிறு மட்டும் வந்து பார்த்தால் இந்தப் புழு ஜெயித்துவிடும், வாரம் இரண்டு தடவையாவது ஒருவர் சுற்றிவர வேண்டும்.

தண்ணீரும் ஆளும்

நடும் நாளில் நாற்பது பேர் வருவார்கள். போட்டோவும் நன்றாக வரும். இரண்டாம் வாரம் பதினைந்து, ஐந்தாம் வாரம் நாலு பேர். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம். தோட்டத்தை நாலு பேர் அளவுக்குத் திட்டமிட்டால் பிழைக்கும். 25 பை, அரை சென்ட் கீரை, ஒரு சுரைப் பந்தல், நாலு மரம் என்பது நாலு பேர் ஞாயிறு மூன்று மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

தினசரித் தண்ணீர் மட்டும் தன்னார்வலரை நம்பி இருக்கக் கூடாது. பைக்கு ஒன்றரை லிட்டர், கீரைக்குச் சதுர மீட்டருக்கு 4 லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 120 லிட்டர், சித்திரை வைகாசியில் இன்னும் கூடும். காப்பகத்தில் இருப்பவர்களிலேயே செடி கொடியில் ஆர்வமுள்ள ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரிடம் குழாயைக் கொடுத்துவிடுவது எந்தச் சொட்டுநீர்க் கருவியையும்விட நல்ல ஏற்பாடு. சொட்டுநீர்தான் போடுவோம் என்றால், 200 லிட்டர் பீப்பாயை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து விடும் தண்ணீருக்கு அழுத்தம் மிகக் குறைவு. மணிக்கு 4 லிட்டர் என்று எழுதிய சொட்டுவான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்துக்கானது. ஒரு மீட்டர் உயரத்தில் கிடைப்பது அதில் பத்தில் ஒரு பங்கு. சொட்டுவானே இல்லாமல் 4 மில்லிமீட்டர் நுண்குழாயை நேராகப் பைக்குள் விட்டு, பீப்பாயின் வாயில் வடிகட்டி போடுங்கள். வடிகட்டி போடாத சொட்டுநீர் ஒரு மாதத்தில் பாசி அடைத்து நிற்கும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் பிரச்சினை தலைகீழாகும். நார் தண்ணீரை விடாது, வேர் அழுகும். பையின் அடியில் இருக்கும் துளை போக, அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே பக்கவாட்டில் நாலு துளை போட்டுவையுங்கள். கீரையில் இலையடியில் வெள்ளைக் கொப்புளம் மாதிரி நோய் வரும்போது சிறுகீரையோடு மல்லுக்கட்டாமல் பசலைக்கொடி, பொன்னாங்கண்ணிக்கு மாறிவிடலாம். இரண்டும் தண்டை ஒடித்து நட்டாலே வரும், விதைச் செலவும் இல்லை.

சமையலறை வாங்கிக்கொள்ளுமா

கையேட்டில் இல்லாத விஷயம் இது. மண் ஒட்டிய கீரைக்கட்டு 7 கிலோவைக் காலை எட்டு மணிக்குக் கொண்டுபோய் இறக்கினால் எந்தச் சமையல்காரருக்கும் எரிச்சல்தான் வரும். அதை ஆய நாலு பேருக்கு ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் அவர் சாதம் வடிக்க வேண்டும். கீரை நாளுக்கு முந்தைய மாலையே பிடுங்கி, வேர் நறுக்கி, ஆய்ந்து, ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்துக் கொடுத்தால் மறுநாள் முதல் வேலையாக அடுப்பில் ஏறும். ஆய்வது ஒரு வேலையா என்று நினைக்க வேண்டாம், மண்வெட்டி பிடிக்க முடியாத தன்னார்வலர்களுக்கும் காப்பகத்துப் பாட்டிமார்களுக்கும் ஏற்ற வேலை அது. எந்தக் கிழமை என்ன காய், எத்தனை கிலோ என்று முதலிலேயே சமையல்காரரோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டு, பிறகு விதைக்கத் தொடங்குங்கள். எடைக்கல்லும் ஒரு நோட்டும் தோட்டத்திலேயே இருக்கட்டும்.

விண்ணப்பம் பற்றி இரண்டு வார்த்தை. தோட்டக்கலைத் துறையின் இணையதளத்தில் ஆதார் விவரம், புகைப்படத்தோடு பதிவு செய்யலாம், வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும் விசாரிக்கலாம். மானியம் தனிநபர் பெயரில்தான், குழுவில் ஒருவர் இரண்டு தளை வாங்கினாலே நம் தேவை முடிந்துவிடும். ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்தால் அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்க வேண்டிவரும். ஆடிப்பட்டத்துக்குக் கத்தரி நாற்று 30 முதல் 35 நாள் வயதில் நட வேண்டும், அதற்கு முன் எருவுக்கு ஒரு வாரம், நார் கழுவ இரண்டு நாள். பின்னோக்கி எண்ணினால் தளை வைகாசி முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும்.